மின்னிசையும் மேடையும்

இந்நாளில் நம் இசையரங்குகளில் முதலில் ஒலிப்பது எது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே, வயலினின் வில் தந்தியைத் தொடுவதற்கு முன்பே, மேடையின் ஓரத்தில் ஒரு சிறு பெட்டி ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. அதில் தந்தி இல்லை, துருத்தி இல்லை, மீட்டும் விரலும் இல்லை. மின்னோட்டம் ஒன்றே அதன் உயிர். புல்லாங்குழல் வாசிப்பவரும் பொறியியல் அறிந்தவருமான பெங்களூர் ஜி. ராஜ் நாராயண் 1979-இல் மின் சுருதிப் பெட்டியை உருவாக்கினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இன்று கைப்பேசியிலேயே தம்பூரா பேசுகிறது. முதியோர் சிலர் தொடக்கத்தில் முகம் சுளித்திருக்கலாம். ஆயினும் அப்பெட்டி இருப்பதனால் கச்சேரி கச்சேரியே அன்று என்று இன்று எவரும் எழுந்து போவதில்லை.

ஆனால் அதே நம்மவர்களிடம் "மின்னிசைக் கச்சேரி" என்று சொல்லிப் பாருங்கள். "பொத்தானை அழுத்திவிட்டுப் பின்னால் நிற்பதற்குப் பெயர் கச்சேரியா?" என்ற கேள்வி உடனே எழும். நியாயமான கேள்விதான். அதைக் கேலியாகக் கேட்டுக் கலைந்துவிடாமல், விடை காணும் நோக்குடன் கேட்க வேண்டிய வேளை இப்பொழுது நம் சங்கத்திற்கு வந்திருக்கிறது.

செய்தி பலருக்கும் தெரிந்ததே. அகமதாபாத் நகரில் பிழைப்புக்கென வந்து தங்கிவிட்ட நம் குடும்பங்களுள் ஒன்றில் பிறந்து, இங்கேயே பொறியியல் பயிலும் இளைஞர் ஒருவர், வரும் பொங்கல் விழாவில் மின்னிசை நிகழ்த்த இருபது நிமிடம் கேட்டிருக்கிறார். செயற்குழுவில் பாதிப் பேர் கூடும் என்றனர். பாதிப் பேர் கூடாது என்றனர். முடிவு பொதுக்குழுவிற்கு விடப்பட்டிருக்கிறது. கூடுவதற்கு முன் நம் கருத்தை எழுதி வைப்பது நலம் என்று தோன்றியது.

முதலில், நாம் எதற்காக அரங்கிற்குச் செல்கிறோம்? பாட்டைக் கேட்பது ஒன்றே நோக்கமாயின் வீட்டில் சாய்வு நாற்காலியே போதும். பதிவு செய்த இசைக்கு இன்று பஞ்சமில்லை. பேருந்துக்குக் காத்திருந்து, நெரிசலில் நின்று, முதுகு நோக உட்கார்ந்து கேட்பது ஏன்? அங்கே நடப்பது இன்னும் நடந்து முடியாத ஒன்று என்பதனால்தான். நிரவலில் இறங்கும் பாடகர் எவ்வழியே கரையேறப் போகிறார் என்பது நமக்குத் தெரியாது. அவருக்கும் முழுமையாகத் தெரியாது. கற்பனைச் சுரம் பாடுகையில் கணக்கு நீண்டுகொண்டே போகும். முன்வரிசையில் தொடையில் தாளம் போடும் முதியவர் கையை மெல்ல அழுத்தி எண்ணுவார். கோர்வை முடிந்து எடுப்பில் சரியாக வந்து சேரும்பொழுது, அரங்கமே அடக்கி வைத்திருந்த மூச்சை விடும். தவறிப்போகக்கூடும் என்ற நிலை இருப்பதனால்தான் தவறாமல் சேர்வது இனிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கண்ணுக்கும் செவிக்கும் உள்ள உறவு அது. தவில் வாசிப்பவரின் கோல் மேலே எழுவதைக் கண்டவுடன் நம் செவி அடிக்குக் காத்திருக்கிறது. நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்புவதும் கழுத்து நரம்பு புடைப்பதும் அந்த மூச்சின் விலையை நமக்குச் சொல்கின்றன. உடல் உழைக்கிறது, உழைப்பு ஒலியாகிறது, அந்த மாற்றம் நம் கண்முன் நிகழ்கிறது.

மின்னிசை இந்த உறவைத்தான் அறுத்துவிட்டது. ஒரு சிறு குமிழைத் திருப்பினால் இடி முழங்கலாம்; பத்து விரல்களும் பதறி ஓடினாலும் ஒன்றுமே ஒலிக்காமற் போகலாம். எந்தச் செயலுக்கு எந்த ஒலி என்று பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. தெரியாத இடத்தில் ஐயம் பிறப்பது இயல்பு.

இந்த ஐயம் இன்று தோன்றியதன்று. 1948-இல் பாரிஸ் வானொலியில் பணிபுரிந்த பியேர் ஷேஃபர், ரயில் வண்டிகளின் ஓசைகளைப் பதிவு செய்து, அவற்றைக் கோத்து ஓர் இசையாக்கினார். ஜெர்மனியின் கொலோன் நகர வானொலி நிலையத்தில் மின்னிசைக் கூடம் அமைந்தது. அங்கே உருவான கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசனின் படைப்பொன்று 1956-இல் அரங்கேறியது. கேட்க வந்தோர் இருக்கைகளில் அமர்ந்தனர். இசையோ ஒலிபெருக்கிகளிலிருந்து வந்தது. வாசிப்பவர் என்று சொல்ல மேடையில் ஒருவருமில்லை. நாடா சுழன்று நின்றதும் இசை முடிந்தது. கைதட்டினால் யாருக்குத் தட்டுவது?

ஆயினும் அவர்கள் எவரையும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முடிந்துவிட்ட ஒரு படைப்பைக் கூடிக் கேட்போம் என்றே அழைத்தனர், அழைத்தபடியே செய்தனர். திரைப்படம் பார்க்கச் செல்லும் நாம் திரைக்குப் பின்னால் நடிகர் இல்லையே என்று சண்டையிடுவதில்லை. அஃது ஒரு கலை. இது வேறொரு கலை. கூடிக் கேட்பதற்கும் கச்சேரிக்கும் தனித்தனிப் பெயர் இருக்குமாயின் எவருக்கும் மனத்தாங்கல் இராது. ஒன்றின் பெயரால் மற்றொன்றை விற்கும்பொழுதே வழக்கு எழுகிறது.

அப்படியானால் மின்னால் பிறக்கும் இசை எதுவும் மேடைக்கு ஆகாது என்று சொல்லிவிடலாமா? அங்கேதான் தெரமின் என்னும் கருவி குறுக்கே நிற்கிறது. ரஷ்யரான லெவ் தெரமின் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனைக் கண்டார். வாசிப்பவர் இதைத் தொடுவதே இல்லை. கருவியினுள்ளே செவிக்கு எட்டாத உயர்ந்த அதிர்வில் இரண்டு மின்னலைகள் ஓடுகின்றன. ஒன்று மாறாதது. மற்றொன்று, நிமிர்ந்து நிற்கும் கம்பியின் அருகே கை வர வர மாறுவது. அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே சுரமாக நம் செவியில் விழுகிறது. மற்றொரு கை, வளைந்த இன்னொரு கம்பியின் அருகே நின்று ஒலியைக் கூட்டிக் குறைக்கிறது. இதற்கு மெட்டு இல்லை, கட்டை இல்லை, விரலுக்குப் பிடிமானம் என்று எதுவுமே இல்லை. மூச்சு சற்று வேகமாக வாங்கினாலும் சுரம் நடுங்கும். வில்நியஸ் நகரில் 1911-இல் பிறந்த கிளாரா ராக்மோர், இளமையில் வயலின் பயின்றவர். கைநோவினால் வயலினைக் கைவிட்டு இக்கருவியைக் கைக்கொண்டு, காற்றிலே விரல்களை நிறுத்திச் சுருதி பிசகாமல் வாசித்துப் புகழ் பெற்றார். முற்றிலும் மின்னாலான இக்கருவியைவிட அஞ்சத்தக்க கருவி வேறு உண்டோ? ஆகவே குற்றம் மின்சாரத்தினுடையது அன்று என்பது தெளிவாகிறது.

தெரமின் கருவிகளைச் செய்து பழகிய அமெரிக்கர் ராபர்ட் மூக் 1964-இல் தம் சின்தசைசரை வெளிப்படுத்தினார். அக்கருவி நாம் குடியிருக்கும் இந்த ஊருக்கே வந்தது என்பதை நம்மவர்களில் எத்தனை பேர் அறிவர்? பால்டியில் சபர்மதிக் கரையோரம் இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தை நாம் நாள்தோறும் பேருந்தில் கடந்து போகிறோம். 1969-இல் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் அங்கு வந்து, மூக் கருவியுடன் ஒரு மின்னிசைக் கூடத்தை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய் முதலியோர் அதில் இசை செய்தனர். 1946-இல் நியூயார்க் சென்று ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்றுக்கொடுத்தவர் இந்தக் கீதா சாராபாய். சில ஆண்டுகளுக்குள் முயற்சி ஓய்ந்தது. நாடாக்கள் ஆவணக் காப்பகத்தில் உறங்கின. பிரிட்டனைச் சேர்ந்த பால் பர்கஸ் என்னும் கலைஞர் அவற்றை வெளிக்கொணர, 2023-இல் அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

அத்தொகுப்பை நாம் இரவில் விளக்கணைத்துக் கேட்டோம். சில இடங்களில் தம்பூராவைத் தேடி அலைவதுபோல் ஒலி அலைகிறது. சில இடங்களில் பறவைபோல் கீச்சிடுகிறது. நன்று. ஆனால் அது கூடத்தில் விளைந்த இசை. மூக் செய்த அக்கருவியில் ஓர் ஒலியிலிருந்து வேறோர் ஒலிக்கு மாற வேண்டுமானால் கம்பிகளைப் பிடுங்கி வேறு துளைகளில் செருக வேண்டும். குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். கேட்போர் அதுவரை காத்திருப்பார்களா? 1970-இல் வந்த மினிமூக் கருவியில் இணைப்புகளை உள்ளேயே அமைத்து, தூக்கிச் செல்லும் அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள். அதன் பின்னரே சின்தசைசர் மேடையில் எளிதாகக் கால் ஊன்றியது. கருவி கைக்கு அடங்கினால்தான் மேடைக்கு அடங்கும்.

நம் இசைக்கு இன்னொரு தடையும் இருந்தது: கமகம். கட்டைகள் உள்ள கருவியில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்குத் தாவலாம். வழுக்கிச் செல்ல முடியாது. ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை விலக்கி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே மின்சாரம் இல்லை என்பதை நினைவிற் கொள்க. காற்றும் மரமும் கொண்ட கருவியும் நெகிழாவிட்டால் நம் செவிக்கு அயலாகிறது. அதற்கு மாறாக, மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் சிறுவராக 1980-களின் தொடக்கத்தில் சென்னை மேடைகளில் மின்மாண்டலினுடன் தோன்றியபோது, அக்கருவி நெகிழ்ந்து கொடுத்தது. மக்கள் அதை ஏற்றனர். ஏ. ஆர். ரகுமான் பயன்படுத்தும் கன்டினுவம் என்னும் மின்கருவியில் கட்டைகளே இல்லை. மென்மையான ஒரு பரப்பில் விரல் வழுக்கிச் செல்ல, சுரமும் உடன் செல்கிறது. 2009-இல் வெளிவந்த 'டெல்லி-6' படப் பாடலொன்றில் அதன் குரலைக் கேட்கலாம். மும்பையில் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங்கோ, 1982-இலேயே ரோலண்டு நிறுவனத்தின் மூன்று கருவிகளை இணைத்துப் பத்து இராகங்களை வாசித்துப் பதிவு செய்தார். அன்று கேட்பாரில்லை. 2010-இல் அப்பதிவு மறுபடி வெளிவந்த பின், எழுபது வயதைக் கடந்த அவரை ஐரோப்பிய மேடைகள் அழைத்தன. 2015-இல் அவர் மறையும்வரை அந்தப் புகழ் நிலைத்தது.

இனி மடிக்கணினிக்கு வருவோம். நம் இளைஞர் கொண்டுவரப் போவதும் அதுவே. 2001-இல் பெர்லினிலிருந்து வெளிவந்த ஏபிள்டன் லைவ் போன்ற மென்பொருள்களில், இசை சிறு சிறு துண்டுகளாக முன்னரே ஆயத்தமாக இருக்கும். எந்தத் துண்டு எப்பொழுது நுழைய வேண்டும், எது விலக வேண்டும், எது மங்க வேண்டும் என்பதை வாசிப்பவர் முடிவு செய்கிறார். ஆனால் ஒன்று: பொத்தானைச் சற்று முன்பின்னாக அழுத்தினாலும் கணினி பொறுத்திருந்து, அடுத்த தாள எல்லையிலேயே துண்டைத் தொடங்கிவிடுமாறு அமைத்துக்கொள்ளலாம். தாளம் தவறவே முடியாத இடத்தில் தாளம் சேர்ந்தது என்று எப்படி மகிழ்வது? நமக்குள்ள மெய்யான தடை இதுதான். கனடாவின் புகழ்பெற்ற மின்னிசைக்காரர் டெட்மவுஸ், தம்மைப் போன்றோர் பெருமேடைகளில் பெரும்பாலும் பொத்தானை அழுத்துவதைத்தான் செய்கிறோம் என்று 2012-இல் தாமே வெளிப்படையாக எழுதினார். பிறர் சொல்லத் தயங்கியதை அவர் சொன்னார்.

இதையெல்லாம் நூலறிவாக மட்டும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் மகள் வற்புறுத்தி, இந்நகரில் ஒரு கல்லூரிப் புல்வெளியில் நடந்த மின்னிசை மாலைக்கு நம்மை அழைத்துச் சென்றாள். முதலில் வந்தவர் புகையும் வண்ண விளக்குமாக ஒரு மணி நேரம் முழங்கினார். இடையிடையே இரு கைகளையும் வானை நோக்கி உயர்த்தினார். கைகள் இரண்டும் மேலே இருக்க, இசை எள்ளளவும் குறையாமல் ஓடியது. "அம்மா, இப்பொழுது வாசிப்பது யார்?" என்று மகளிடம் கேட்டோம். அவள் சிரித்தாளே தவிர விடை சொல்லவில்லை.

அடுத்து ஒரு பெண் வந்தாள். மேசை மேல் இரண்டு மூன்று பெட்டிகளும் ஒரு ஒலிவாங்கியும் இருந்தன. விளக்கு வேடிக்கை ஏதுமில்லை. ஒரு சிறு சங்கதியை முனகினாள்; பெட்டி அதைப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஒலித்தது. அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மேசையைத் தட்டிய ஓசை, இப்படி அடுக்கிக்கொண்டே போனாள். நான்காவது அடுக்கு சேரும்பொழுது தாளம் இடறியது. நம் செவிக்கே தெரிந்தது. அவள் முகம் ஒரு கணம் கறுத்தது. பிறகு எல்லா அடுக்குகளையும் நீக்கினாள். முதலில் முனகியதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அது தனியே நாலைந்து முறை சுற்றியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இடறிய அந்த இடைவெளியையே புதிய தாளமாகக் கொண்டு மறுபடி கட்டத் தொடங்கினாள். அதுவரை கூச்சலிட்ட இளைஞர் கூட்டம் அடங்கியது. அந்த அமைதியை நாம் அறிவோம். நிரவலில் தொலைந்த வித்துவான் சமத்தைத் தேடி வரும்பொழுது அரங்கில் விழும் அமைதி அது. அவள் கட்டி முடித்ததும் எழுந்த ஆரவாரம் விளக்குக்காகவோ புகைக்காகவோ எழுந்ததன்று.

அன்றிரவே நமக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. கருவி எதுவாயினும் ஆகுக. வாசிப்பவர் நம் கண்முன் ஏதேனும் முடிவு செய்கிறாரா? அந்த முடிவு வேறு விதமாகவும் போயிருக்கக்கூடுமா? அது நம் செவிக்கு எட்டுகிறதா? மூன்றுக்கும் ஆம் எனில் அது கச்சேரி. முன்கூட்டி ஆயத்தம் செய்வது குற்றமே அன்று. கீர்த்தனையும் முன்னரே இயற்றியதுதான். சிட்டைச் சுரமும் முன்னரே கோத்ததுதான். ஆயத்தம் முடிந்த இடத்திற்கு அப்பால் ஏதேனும் நிகழ்கிறதா என்பதே வினா.

மின்னிசைக்காரர்களே இந்தக் குறையை உணர்ந்து வழி தேடியிருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் மிஷெல் வைஸ்விஸ் 1984-இல் இரு கைகளிலும் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்றைச் செய்தார். கையின் அசைவே ஒலியாகும்படி அமைத்து, அறுந்த உறவை மறுபடி முடிந்தார். 2004-இல் ஹாம்பர்க்கில் ஒன்றுகூடிய வேறு சிலர், கணினிக் கட்டளைகளை மேடையிலேயே எழுதி இசை பிறப்பிக்கும் முறைக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். தங்கள் கணினித் திரையைப் பெரிதாக்கி அரங்கிலுள்ளோர் அனைவரும் காணுமாறு சுவரில் காட்டுவது அவர்கள் வழக்கம். எழுதுவது கண்ணில் படுகிறது. எழுதியது செவியில் விழுகிறது. ஓர் எழுத்துப் பிழைத்தால் இசை நின்றாலும் நிற்கும். கஞ்சிராவின் மேல் ஓடும் விரலை நாம் பார்ப்பதுபோல, அங்கே கட்டளைகளின் மேல் ஓடும் விரலைப் பார்க்கிறார்கள்.

மறுப்புரைகளுள் ஒன்று மட்டும் நம்மை உறுத்துகிறது. செயற்குழுவில் ஒரு பெரியவர் சொன்னார்: "இன்று இந்தப் பெட்டியை ஏற்றுவீர்கள். நாளை தவிலுக்கும் ஒரு பெட்டி வரும். கோயிலில் வந்துவிட்டதே, பார்க்கவில்லையா?" உண்மை. தீபாராதனை வேளையில் விசையைப் போட்டால் முரசையும் மணியையும் தானே அடித்து முழக்கும் பொறி எத்தனையோ கோயில்களில் நிற்கிறது. அந்த இடத்தில் ஒரு காலத்தில் நாதஸ்வரக்காரர் நின்றார். அவர் பிள்ளையும் நின்றான். அந்தப் பொறி யாருக்காக வாசிக்கிறது என்பது அதற்கே தெரியாது. பெரியவரின் வருத்தத்தில் நாமும் பங்கு கொள்கிறோம். ஆனால் மனிதனின் இடத்தில் நிற்கும் பொறி வேறு. மனிதனின் கையில் இருக்கும் பொறி வேறு. முன்னதைக் கண்டு எழும் சினத்தைப் பின்னதன்மேல் இறக்குவது முறையாகாது.

மேலும், நம் மேடையையே சற்று எண்ணிப் பார்ப்போம். சென்ற பொங்கல் விழாவில் நம் குழந்தைகள் ஆடிய பரதநாட்டியம் அனைத்தும் பதிவு செய்த இசைக்கே ஆடப்பட்டது. சென்னையிலிருந்து நட்டுவனாரையும் பாடகரையும் பக்கவாத்தியத்தையும் வரவழைக்க நம் சங்கத்திடம் பணம் ஏது? ஆடவர் மூவர் பழைய திரைப்பாடல்களைக் கரோக்கே இசைக்குப் பாடினர். எவரும் குறை சொல்லவில்லை; சொல்லவும் வேண்டியதில்லை. இசை பதிவானாலும் குழந்தையின் கால் அப்பொழுதே தரையைத் தட்டியது; ஆடவரின் குரல் அப்பொழுதே உடைந்தது. உயிருள்ள பங்கு ஒன்று இருந்ததனால் மீதியை மன்னித்தோம். அதே கண்ணோட்டத்தை இந்த இளைஞரிடமும் காட்டலாமே.

அவர் சென்ற வாரம் நம் வீட்டிற்கு வந்தார். எதை வாசிக்கப் போகிறாய் என்று கேட்டோம். மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டுச் சற்றுத் தயங்கியபின் சொன்னார்: "மாமா, இது என் பாட்டியின் தாலாட்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊருக்குப் போனபோது கைப்பேசியில் பதிவு செய்தேன். இப்போது பாட்டி இல்லை."

பதிவில் சேவல் கூவுகிறது. யாரோ பாத்திரம் உருட்டுகிறார்கள். நடுவே திருநெல்வேலிப் பக்கத்து முதிய குரல் ஒன்று இழுத்து இழுத்துப் பாடுகிறது. "நீயே பாடலாமே, தம்பி" என்றோம். "பாடிப் பார்த்தேன், மாமா. எனக்கு ழகரம் வரவில்லை. குஜராத்திப் பையன் பாடுகிற மாதிரி இருக்கிறது என்று அம்மாவே சிரித்துவிட்டாள்."

எது முன்பே செய்தது, எது அப்பொழுது செய்யப் போவது என்று வினவினோம். மறைக்காமல் விடை சொன்னார். பாட்டியின் குரலும், அடியில் ஓடும் சுருதியும் முன்பே உள்ளவை. குரலை எந்த இடத்தில் நிறுத்துவது, எந்தச் சொல்லை மட்டும் திரும்ப ஒலிக்கச் செய்வது, அதற்கு எதிராகத் தாம் கையால் என்ன வாசிப்பது என்பவை மேடையில் முடிவாகும். கணினி தாளத்தைத் திருத்தும் வசதியை நீக்கிவிடுவாயா என்று கேட்டோம். "நீக்கினால் தப்பு வருமே, மாமா" என்றார். "வரட்டும்" என்றோம். சற்று யோசித்தார், நீக்கினார், வாசித்தார். இரண்டு இடங்களில் இடறினார். பிறகு, பாட்டி மூச்சு வாங்கும் இடம் ஒவ்வொன்றிலும் நின்று, அவள் தொடங்கும்பொழுது தாமும் தொடங்கினார். பாட்டிக்குப் பேரன் பக்கவாத்தியம் வாசிப்பது போலிருந்தது. அடுப்படியிலிருந்த நம் இல்லத்தரசி கரண்டியுடன் வந்து வாயிற்படியில் நின்றுவிட்டாள்.

நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தை மறக்கிறார்கள், தமிழ்ப் பாட்டைக் கேட்பதில்லை என்று ஆண்டுதோறும் நம் இதழில் எழுதி வருகிறோம். இதோ ஒரு பிள்ளை, தன் நாவுக்கு எட்டாத தாலாட்டைத் தன் கைக்கு எட்டிய கருவியால் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறான். நம் மேடையில் இடம் மறுத்தால் அவன் இசையை விட்டுவிட மாட்டான். அந்தக் கல்லூரிப் புல்வெளிக்கு எடுத்துச் செல்வான். அங்கே அவனைக் கேட்போருக்கு அந்தக் கிழவியின் சொல் ஒன்றும் விளங்காது. விளங்கக்கூடிய நாமோ வீட்டில் அமர்ந்திருப்போம்.

ஆகவே இடம் கொடுப்போம் என்பதே நம் கருத்து. கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டியதில்லை. சில முறைகளை வகுத்துக் கொடுப்போம். மேசையைப் பக்கவாட்டில் இடுக. மடிக்கணினியின் முதுகை அல்ல, வாசிக்கும் கைகளை நாம் காண வேண்டும். தொடங்குமுன், முன்பே ஆயத்தமானது எது, இனி நிகழப்போவது எது என்று இரண்டு வாக்கியம் தமிழில் அவரே சொல்லட்டும். ழகரம் பிசகினும் குற்றமில்லை. ஒலிபெருக்கியின் முழக்கம் அளவாக இருக்கட்டும். நம் கூடம் சிறிது, முன்வரிசையில் கைக்குழந்தைகளும் முதியோரும் இருப்பர். தாளத்தைத் திருத்தும் வசதி அன்று நீங்கியே இருக்கட்டும். இடறினால் இடறட்டும். இடறி எழுவதைக் காண்பதற்கன்றோ நாம் இத்தனை காலமாக அரங்குகளுக்குச் சென்று வந்திருக்கிறோம்?

ஒப்பாத அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாக்கு எப்படியளித்தாலும், நிகழ்ச்சி அமையுமாயின் எழுந்து வெளியே தேநீருக்குப் போய்விடாதீர்கள். முன்வரிசையிலேயே உட்காருங்கள். வழக்கம்போல் தொடையில் கை வைத்துத் தாளம் போட்டுப் பாருங்கள். இருபது நிமிடத்தில் அந்தக் கை அலுத்து நின்றுவிடுகிறதா, அல்லது அடுத்து என்ன வருமோ என்று அந்தரத்தில் காத்திருக்கிறதா? நாம் எழுதிய எதையும்விட அந்தக் கை சொல்வதே தீர்ப்பு.